சில்ஹெட்டி வீட்டுச் சமையல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரிட்டனில் ‘இந்தியன் ரெஸ்டாரண்ட்’ என்று பலகை மாட்டிய கடைகளில் பெரும்பாலானவற்றை வளர்த்தெடுத்தவர்கள் வங்கதேசத்தின் சில்ஹெட் பகுதியைச் சேர்ந்தவர்கள். ஆனால் சில்ஹெட்டி வீடுகளில் அன்றாடம் சமைப்பது அந்தக் கடைகளின் பட்டியலில் அநேகமாக இருக்காது. ஊருக்கெல்லாம் சமைத்துப் போட்ட மக்களின் சொந்தச் சாப்பாடு வெளியே தெரியாமல் கிடக்கிறதே என்று எனக்குத் தீராத ஆற்றாமை உண்டு. கிழக்கு லண்டனில் சில்ஹெட்டிக் குடும்பங்களுக்கு நடுவே குடியிருப்பவன் என்பதால் தமிழ் நண்பர்கள் இதுபற்றி என்னிடம் கேட்பார்கள். அந்தக் கேள்விகளும் பதில்களும் இவை.

சில்ஹெட்டி மக்கள் யார்? எந்த ஊர்க்காரர்கள்?

வங்கதேசத்தின் வடகிழக்கு மூலையில் சில்ஹெட், மௌல்விபஜார், ஹபிகஞ்ச், சுனாம்கஞ்ச் என்ற நான்கு மாவட்டங்களைக் கொண்டது சில்ஹெட் கோட்டம். இந்தியப் பக்கம், அசாமின் பராக் பள்ளத்தாக்கிலும் இதே மொழி பேசுகிற மக்கள் ஏராளம். 1947 ஜூலை 6, 7 தேதிகளில் நடந்த பொதுவாக்கெடுப்பில் சில்ஹெட் அசாமிலிருந்து பிரிந்து கிழக்குப் பாகிஸ்தானோடு சேர்ந்தது. கரீம்கஞ்ச் பகுதி மட்டும் இந்தியாவில் தங்கியது. எல்லைக் கோடு உறவுகளைப் பிரித்தது. அடுப்பைப் பிரிக்கவில்லை. பராக் பள்ளத்தாக்கின் சில்சரிலும் சில்ஹெட்டிலும் ஒரே குழம்புதான் கொதிக்கிறது.

நில அமைப்பைத் தெரிந்துகொண்டால் சமையலில் பாதி புரிந்துவிடும். வடக்கே மேகாலய மலை. உலகிலேயே மிக அதிகமாக மழை பெய்யும் சிரபுஞ்சியும் மௌசின்ராமும் அந்த மலையின் தெற்கு விளிம்பில் இருக்கின்றன. அங்கே கொட்டும் மழை சுர்மா ஆற்றிலும் அதன் கிளை ஓடைகளிலும் இறங்கி, ஹாவோர் எனப்படும் பரந்த தாழ்நிலங்களை நிரப்புகிறது. ஆண்டில் ஏறக்குறைய பாதிக் காலம் அவை நீருக்கடியில்தான். ஹாக்கலுக்கி, டாங்குவார் இரண்டும் பெயர் பெற்ற ஹாவோர்கள். டாங்குவார் 2000ஆம் ஆண்டில் ராம்சர் ஈரநிலமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. தண்ணீர் வடிந்தபின் ஒரு போகம் போரோ நெல் விளையும். 2017இல் நடந்ததுபோல, அறுவடைக்கு முன்பே மலைவெள்ளம் வந்துவிட்டால் அதுவும் இல்லை.

மலை புளிப்புக் காய்களையும் மூங்கிலையும் வெற்றிலையையும் தருகிறது. ஹாவோர் மீனைத் தருகிறது. இந்த இரண்டும் சந்திக்கும் இடம்தான் சில்ஹெட்டிச் சட்டி.

மற்ற வங்காளச் சமையலிலிருந்து இது எப்படி வேறுபடுகிறது?

முதலில் அரிசி. வங்கதேசத்தின் பெரும்பகுதி புழுங்கலரிசி சாப்பிடுகிறது. சில்ஹெட்டும் சிட்டகாங்கும் பச்சரிசி ஊர்கள். அடுத்தது, கொல்கத்தா வீடுகளைப்போல் குழம்பிலும் பொரியலிலும் சர்க்கரை சேர்க்கும் பழக்கம் சில்ஹெட்டில் கிடையாது. புளிப்பும் கசப்பும் காரமும்தான் இங்கே ஆட்சி செய்கின்றன. சிட்டகாங் கடலோரம் என்பதால் அங்கே கருவாடு கடல்மீனில். சில்ஹெட்டில் ஆற்று மீனிலும் குளத்து மீனிலும். மாட்டிறைச்சி காலா புனாவும் மெஸ்பான் விருந்தும் சிட்டகாங்கின் பெருமை. அவற்றைச் சில்ஹெட்டின் கணக்கில் எழுதுகிறவர்கள் நிறையப்பேர். இரண்டு ஊர்க்காரர்களும் அதை விரும்ப மாட்டார்கள்.

ஹாத்கொரா என்கிறார்களே, அது என்ன காய்?

எலுமிச்சைக் குடும்பத்தைச் சேர்ந்தது. தாவரவியல் பெயர் சிட்ரஸ் மேக்ரோப்டெரா. ஏட்டு வங்காளத்தில் சாத்கொரா. சாத்துக்குடியைவிடப் பெரியது, தோல் கரடுமுரடானது, பச்சையிலிருந்து மஞ்சளுக்கு மாறும். மேகாலய மலைச்சரிவிலும் அதை ஒட்டிய ஜைந்தாபூர் பக்கமும் நன்றாக விளைகிறது.

நாம் எலுமிச்சையைப் பிழிந்துவிட்டுத் தோலைப் போடுவோம். இங்கே தலைகீழ். எங்கள் பக்கத்து வீட்டுச் சாச்சி ஹாத்கொரா நறுக்குவதைப் பார்த்திருக்கிறேன். காயை நீளவாக்கில் கீறுகளாகப் பிளப்பார். சாறு குறைவான, விதை நிறைந்த சுளைப்பகுதியைக் கத்தியால் ஒரே இழுப்பில் வழித்துத் தள்ளிவிடுவார். மிஞ்சுவது பச்சைத் தோலும் அதனுள் விரல் தடிமனுக்கு வெள்ளைச் சதையும். அதைத்தான் சிறு துண்டுகளாக்கிக் குழம்பில் போடுவார். நறுக்கி முடித்த பிறகும் வெகுநேரம் கையில் மணம் நிற்கும். நாரத்தையின் கசப்பும் எலுமிச்சைத் தோலின் எண்ணெய் வாசமும் சேர்ந்த மணம் அது. வேறு எந்தக் காயிலும் எனக்கு அது கிடைத்ததில்லை.

பருவத்தில் வாங்கித் துண்டு போட்டு வெயிலில் காயவைத்துக் கொள்வார்கள். ஊறுகாயும் போடுவார்கள். பிரிட்டனில் உறையவைத்த துண்டுகளாகவே பாக்கெட்டில் கிடைக்கிறது.

இதன் உறவுக்காரர்களும் உண்டு. ஜாரா எலுமிச்சை பெரிதாக, தடித்த வெள்ளைச் சதையோடு இருக்கும். அதை வில்லைகளாக்கி உப்புத் தொட்டுச் சோற்றோடு அப்படியே கடித்துச் சாப்பிடுவார்கள். ஆதா ஜாமிரில் இஞ்சி வாசம் அடிக்கும்.

மாட்டிறைச்சி ஹாத்கொராவை எப்படிச் சமைப்பது?

விருந்தாளிக்கு முன் பெருமையோடு வைக்கும் குழம்பு இது. எலும்போடு ஒரு கிலோ இறைச்சிக்கு மூன்று பெரிய வெங்காயம், இரண்டு மேசைக்கரண்டி இஞ்சி பூண்டு விழுது, மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், மல்லித்தூள், சீரகத்தூள், பட்டை, ஏலம், பிரிஞ்சி இலை போதும். தேங்காய், தயிர், தக்காளி எதுவும் வேண்டாம். வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்கி, மசாலாவைச் சிறிது சிறிதாகத் தண்ணீர் தெளித்து எண்ணெய் பிரியும்வரை கிளறுங்கள். இறைச்சியைச் சேர்த்து அதன் நீரிலேயே வேகவிடுங்கள். அவசரப்படக் கூடாது.

இறைச்சி முக்கால் பதம் வெந்தபின்தான் ஹாத்கொரா. ஒரு கிலோவுக்குக் கால் காய் தாராளம். பதினைந்து இருபது நிமிடத்துக்கு மேல் கொதித்தால் கசப்பு குழம்பு முழுவதும் இறங்கிவிடும். முதன்முறை செய்கிறவர்கள் துண்டுகளை ஒரு கொதி விட்டு நீரை வடித்துவிட்டுப் போடலாம். பழகியவர்கள் அதைச் செய்வதில்லை. அந்த மெல்லிய கசப்புக்காகத்தானே போடுகிறோம் என்பார்கள். நானும் அதே கட்சி.

ஹிதல் என்பது கருவாடா?

கருவாட்டில் தொடங்கி வேறொன்றாக முடிவது. காய்ந்த மீன் எல்லாமே ஹுட்கி. அதில் பானையிலிட்டு நொதிக்கவைத்தது ஹிதல். பெரும்பாலும் புட்டி என்ற சிறு கெண்டைவகை மீனில் செய்வார்கள்.

மழைக்காலம் முடிந்து ஹாவோரில் நீர் வடியும்போது புட்டி மீன் குவியல் குவியலாக வலையில் விழும். அந்த ஈரக்காற்றில் இரண்டு நாள்கூட வைத்திருக்க முடியாது. குடலை எடுத்து, மீனை வெயிலில் உலர்த்துவார்கள். எடுத்த குடலையும் வீணாக்குவதில்லை. அதைக் காய்ச்சி எண்ணெய் எடுத்து, மட்கா என்னும் மண்பானையின் உள்ளும் புறமும் திரும்பத் திரும்பப் பூசி உலரவிடுவார்கள். மண்ணின் துளைகள் எண்ணெயால் அடைபட்டபின் காற்று உள்ளே போகாது. காய்ந்த மீனைத் தண்ணீரில் சற்று நனைத்து, இடைவெளியே இல்லாதபடி அழுத்தி அழுத்திப் பானையில் அடைப்பார்கள். வாயை மீன் விழுதாலும் களிமண்ணாலும் மூடிவிட்டு மாதக்கணக்கில் விட்டுவிட வேண்டியதுதான்.

இதில் உப்பு சேர்ப்பதே இல்லை. உப்பில்லாமல், காற்றில்லாமல் மீனைக் காப்பாற்றும் இந்த அறிவு எனக்கு மிகுந்த மரியாதையை உண்டாக்குகிறது. பானையைத் திறக்கும்போது மீன் உருக்குலையாமல், மங்கிய பழுப்பு நிறத்தில், மெழுகுபோல் மென்மையாக இருக்கும். வாசம் கடுமைதான். முதல்முறை முகத்தைச் சுளிக்காதவர் குறைவு. திரிபுராவிலும் இதைச் செய்கிறார்கள். மணிப்பூரின் ஙாரியும் இதன் நெருங்கிய சொந்தம்.

ஹிதலை எப்படிச் சாப்பிடுவார்கள்?

சுட்டு, பூண்டும் வெங்காயமும் மிளகாயும் சேர்த்து இடித்துத் துவையலாக்குவது ஒரு வழி. பூசணி இலையில் பொதிந்து பொரிப்பது இன்னொன்று. ஆனால் ஹுட்கி ஷிராதான் ராஜா.

ஷிரா என்றால் நீர்த்த குழம்பு. ஒரு சொட்டு எண்ணெய் கிடையாது, தாளிப்பும் கிடையாது. பானையில் தண்ணீர் வைத்து வெங்காயம், பூண்டு, மஞ்சள், மிளகாய் போட்டு, கழுவிய ஹிதலையோ ஹுட்கியையோ சேர்த்துக் கொதிக்கவிட்டால் மீன் கரைந்து நீரெல்லாம் சாரமாகிவிடும். அதன்பின் வீட்டில் இருக்கும் காய்கள்: கத்தரிக்காய், பூசணி, தண்டுக்கீரைத் தண்டு, சேம்பின் ஓடுதண்டு, பலாக்கொட்டை, மொச்சை. இறக்கும் முன் ஒரு நாகா மிளகாயை முழுதாக மிதக்கவிடுவார்கள். சூடான பச்சரிசிச் சோற்றில் ஊற்றிச் சாப்பிட்டால் நெற்றி வியர்க்கும், மூக்கு ஒழுகும், தட்டு காலியாகும். ஏழையின் சாப்பாடு என்று ஒரு காலத்தில் ஒதுக்கப்பட்டதை இன்று லண்டனில் பிறந்த பிள்ளைகள் தாயிடம் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார்கள். அதைப் பார்க்க மகிழ்ச்சியாக இருக்கிறது.

நாகா மிளகாய் அவ்வளவு காரமா?

ஆம். 2007இல் உலகின் மிகக் காரமான மிளகாய் என்று கின்னஸ் பதிவில் ஏறிய பூத் ஜொலோக்கியாவின் குடும்பம்தான் நாகா மொரிச். அந்தப் பதிவின் அளவு, காரத்தை அளக்கும் ஸ்கோவில் அலகில் பத்து லட்சத்தைத் தாண்டியது. ஆனால் சில்ஹெட்டிகள் அதைக் காரத்துக்காக மட்டும் போடுவதில்லை. அதற்குப் பழவாசம் போன்ற ஒரு நறுமணம் உண்டு. அதனால்தான் முழுதாக மிதக்கவிட்டு, உடையாமல் எடுத்துவிடுகிறார்கள். காரம் வேண்டியவர் தன் தட்டில் நுனியைக் கிள்ளித் தேய்த்துக்கொள்வார். வெறுங்கையால் தொட்டுவிட்டுக் கண்ணில் கை வைத்துவிடாதீர்கள்.

அன்றாட மீன் குழம்பு எது?

தெங்கா. புளிப்பான, தெளிந்த, எண்ணெய் குறைந்த மீன்சாறு. ரோகு, ஆயிர், போவால், பாப்தா, எந்த மீனும் ஆகும். துண்டுகளில் மஞ்சளும் உப்பும் தடவி லேசாகப் பொரித்துக்கொண்டு, வெங்காயமும் பச்சைமிளகாயும் வதக்கித் தண்ணீர் ஊற்றிக் கொதிவந்ததும் மீனை இறக்குவார்கள். புளிப்புக்குத் தக்காளி, ஹாத்கொரா, அம்ப்ரா, ஜொல்பாய் என்று பருவத்துக்கு ஒன்று. புளி கரைத்து ஊற்றிப் பழகிய நமக்கு, எத்தனை வகைக் காய்களிடமிருந்து புளிப்பை வாங்கலாம் என்பதே ஒரு பாடம்.

மீன் மேலுள்ள பற்று சமையலறையோடு நிற்பதில்லை. பௌஷ சங்கராந்தியை ஒட்டி, ஜனவரி நடுவில், மௌல்விபஜாரின் ஷேர்பூரில் குசியாரா ஆற்றங்கரையில் மீன் சந்தை கூடும். ஆளுயர மீன்களைத் தரையில் வரிசையாகக் கிடத்தியிருப்பார்கள். வாங்க வருகிறவர்களைவிடப் பார்க்க வருகிறவர்கள் அதிகம். ஆனால் சில்ஹெட் நகரில் ஷா ஜலால் தர்காவின் குளத்தில் நீந்தும் கோஜார் என்ற விரால்வகை மீன்களை ஒருவரும் தொட மாட்டார்கள். இத்தனை மீன் தின்னும் ஊரில் அவற்றுக்கு மட்டும் பக்தர்கள் இரை போடுகிறார்கள்.

ரமலானில் என்ன சமைப்பார்கள்?

நோன்பு திறக்கும் தட்டில் முதலில் கிசுரி இருக்க வேண்டும். அரிசியும் கொஞ்சம் பருப்பும் குழைய வெந்த, கஞ்சிப் பதத்தில் உள்ள மெல்லிய உணவு. வெறும் வயிற்றுக்கு இதம். கூடவே மசாலாவில் வதக்கிய கொண்டைக்கடலை, வெங்காயப் பக்கோடா, பேரீச்சை. விருந்து நாளென்றால் ஆக்னி: சிறுமணி வாசனை அரிசியை இறைச்சியோடும் மசாலாவோடும் ஒன்றாக வேகவைத்த புலாவ். பிரியாணிபோல் அடுக்கு கிடையாது, நிறமூட்டுவதும் கிடையாது. தர்காவிலும் மீலாத் கூட்டங்களிலும் பங்கிடுவது துஷா ஷின்னி. மாவை நெய்யில் மணம் வரும்வரை வறுத்துச் சர்க்கரையோடு கிளறிய இனிப்பு.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். ரமலானில் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டுக்கு இஃப்தார் அனுப்ப வேண்டும். ஃபுரிர் பாரி இஃப்தாரி என்பார்கள். கல்யாணமான முதல் ஆண்டில் அண்டாக் கணக்கில் ஆக்னி, ஜிலேபி, பழக்கூடைகள் போகும். மாப்பிள்ளை வீட்டார் அதை அக்கம்பக்கத்துக்குப் பங்கிடுவார்கள். மாம்பழப் பருவத்தில் மாவும் பலாவும் இதேபோல் போக வேண்டும். பகிர்ந்துண்ணும் அழகு இதில் இருக்கிறது. ஆனால் கடன் வாங்கி அனுப்பும் தகப்பன்மாரும், குறைவாக வந்தது என்று பேச்சு வாங்கும் மருமகள்களும் இதே வழக்கத்தில்தான் இருக்கிறார்கள். சில்ஹெட்டி இளைஞர்களே இதை எதிர்த்துப் பேசத் தொடங்கியிருக்கிறார்கள். அவர்கள் பக்கம்தான் நியாயம்.

பிட்டா என்றால் நம் பிட்டுதானா?

இல்லை. அரிசிமாவுப் பலகாரங்கள் பலவற்றுக்கும் அங்கே அதுதான் பெயர். பெருநாள் காலையில் வீடுவீடாக இரண்டு இருக்கும். ஒன்று ஹந்தேஷ்: மாவை வெல்லத்தோடு கரைத்து, கரண்டி கரண்டியாக எண்ணெயில் ஊற்றி, நடுவில் உப்பி எழும்பும்வரை பொரிப்பது. மற்றது நுனொர் பொரா: வெங்காயம், இஞ்சி, மஞ்சள், உப்பு கொதிக்கும் நீரில் அரிசிமாவைக் கொட்டிக் கிளறி, பிசைந்து தட்டி, வட்டமாக வெட்டிப் பொரிப்பது. இனிப்புக்கு அடுத்து உப்பு என்று கை மாறி மாறிப் போகும்.

எனக்கு மிகவும் பிடித்தது சுங்கா பிட்டா. இதற்குச் சட்டியே வேண்டாம். டோலு என்ற மெல்லிய சுவருள்ள மூங்கிலைக் கணு கணுவாக அறுத்து, ஊறவைத்த பிரோயின் அரிசியை உள்ளே நிரப்பி, வாயை வைக்கோலால் அடைத்து, வைக்கோல் தீயில் சாய்த்து நிறுத்துவார்கள். பிரோயின் ஒட்டும் தன்மையுள்ள அரிசி. டோலுவின் சுவரில் ஈரம் அதிகம். அதனால் மூங்கில் கருகுமே தவிர எரிந்துபோகாது. ஆறியபின் மூங்கிலைப் பட்டை பட்டையாக உரித்தால், மெல்லிய சவ்வு சுற்றிய வெண்ணிற உருளை வெளிவரும். அதை வில்லைகளாக நறுக்கி வறுத்த மீனோடோ, வெல்லப்பாகோடோ, சுண்டிய பாலோடோ சாப்பிடுவார்கள். மௌல்விபஜார் பக்கத்துக் குன்றுகளில் டோலு மூங்கில் அழிந்துவருவதால் இது அருகிவிட்டது. காடு போனால் பலகாரமும் போகும்.

சில்ஹெட்டி இந்துக்களும் இதையே சமைக்கிறார்களா? சைவ உணவு உண்டா?

மாட்டிறைச்சியை நீக்கிவிட்டால் மீதி பொதுவானது. ஹிதல் துவையலுக்கு மதம் கிடையாது. ஹாத்கொராவை மீனிலும் பருப்பிலும் போடுவார்கள். பௌஷ சங்கராந்தியன்று வைக்கோலால் மேராமேரி வீடு கட்டி, இரவெல்லாம் சமைத்துச் சாப்பிட்டு, விடியலில் குளித்துவிட்டு அதற்குத் தீ வைப்பார்கள். பிட்டாக்களின் நாள் அது. விரத நாட்களில் வெங்காயம் பூண்டில்லாத காய்கறிச் சமையல் உண்டு. முழுச் சைவர்கள் ஹாத்கொரா போட்ட பருப்பையும், பிரோயின் சோற்றைத் தேங்காய் வெல்லத்தோடும் சாப்பிட்டுப் பாருங்கள்.

தேநீர்?

தோட்டங்களால் நிறைந்த ஊர். மால்னிச்செரா தோட்டம் 1854இல் தொடங்கியது. ஸ்ரீமங்கலில் கண்ணாடித் தம்ளரில் ஏழு அடுக்குத் தேநீர் தருவார்கள். இனிப்பின் அடர்த்தி வேறுபடுவதால் அடுக்குகள் கலக்காமல் நிற்கும். பார்க்க அழகு, குடிக்கச் சுமார். தோட்டத் தொழிலாளர்கள் கொழுந்து இலையைக் கசக்கி, உருளைக்கிழங்கு, வெங்காயம், மிளகாய், பொரி சேர்த்துப் பிசைந்து சாப்பிடுவதுதான் நான் மதிக்கும் தேயிலை உணவு. ஒடிசா, பீகார், சென்னை மாகாணத்தின் தெலுங்குப் பகுதிகள் என்று எங்கிருந்தெல்லாமோ கொண்டுவரப்பட்டவர்களின் மதியச் சாப்பாடு அது.

இவ்வளவு இருந்தும் பிரிட்டிஷ் உணவகங்களில் ஏன் இவை இல்லை?

முதலில் வந்தவர்கள் கல்கத்தாவில் கப்பலேறிய மாலுமிகள். நீராவிக் கப்பல்களின் அடியில் கரி அள்ளிப் போட்டவர்கள். கரையிறங்கி உணவகங்களில் பாத்திரம் கழுவி, சமையல் கற்று, பிறகு சொந்தக் கடை போட்டார்கள். அவர்கள் கற்றது வெள்ளைக்கார வாடிக்கையாளருக்காக ஏற்கெனவே உருவாகியிருந்த குருமாவும் விந்தாலுவும். வீட்டுச் சமையல் பெண்களின் கையில் இருந்தது. குடும்பங்களில் பல 1970களிலும் 80களிலும்தான் வந்து சேர்ந்தன. அதற்குள் பட்டியல் கெட்டிப்பட்டுவிட்டது. ஆனாலும் கடை மூடியபின் ஊழியர்கள் தங்களுக்கென்று வைத்துக்கொள்ளும் குழம்பு ஊர்க் குழம்புதான். இப்போது சில கடைகள் ஹாத்கொராவையும் நாகாவையும் பட்டியலில் சேர்த்திருக்கின்றன. தெரிந்த கடையென்றால், உங்களுக்கென்று சமைத்ததில் கொஞ்சம் தாருங்கள் என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

ஹாத்கொரா கிடைக்காத ஊரில் என்ன செய்வது?

நாரத்தங்காய்த் தோலைச் சதையோடு துண்டாக்கி, ஒரு கொதி விட்டு வடித்துப் பயன்படுத்தலாம். மணம் வேறு, கசப்புப் புளிப்பு ஓரளவு வரும். எலுமிச்சைச் சாறு பிழிந்து சமாளிக்க வேண்டாம். இந்தக் குழம்புக்கு வேண்டியது தோல். பிரோயினுக்குப் பதில் வேறு எந்த ஒட்டும் அரிசியும் சரி. நாகாவுக்குப் பதில் ஹபனேரோ மிளகாய் போடலாம். ஹிதலுக்கு மட்டும் மாற்று இல்லை. நம் உப்புக் கருவாட்டில் ஷிரா வைத்தால் ருசியாக இருக்கும், ஆனால் அது வேறு குழம்பு. கருவாட்டைச் சுடுநீரில் நன்றாக அலசி உப்பை எடுத்துவிட்டு, குழம்புக்கு உப்பைக் கடைசியில் ருசி பார்த்துப் போடுங்கள்.